வாசலில் வந்து அமர்ந்த அரசர்

பொதுக்காலம் 4ஆம் வாரம், செவ்வாய் (இரட்டைப்படை ஆண்டு)
முதல் வாசகம்: 2 சாமுவேல் 18:9-10, 14, 24-25, 30 – 19:3
நற்செய்தி: மாற்கு 5:21-43



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு போர் முடிகிறது. வென்றது தாவீது அரசரின் படை. ஆனால் வென்ற பக்கத்தில்தான் அழுகுரல் கேட்கிறது. அரசருக்கு எதிராகக் கிளம்பியவன் அவர் பெற்ற மகன் அப்சலோம். ஒரே நாடு இரண்டாகப் பிரிந்து, ஒரே மொழி பேசுகிறவர்கள் எப்ராயிம் காட்டில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். ஒரே நாளில் 20,000 பேர் மாண்டார்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. கருவாலி மரத்தில் தலை சிக்கித் தொங்கிய அப்சலோமை யோவாபு கொன்றான். சேதி வந்ததும் அரசர் வாயிலின் மேல்மாடி அறைக்கு ஏறிப் போனார். மகனுக்குப் பதிலாகத் தாமே செத்திருக்கக் கூடாதா என்று கதறினார்.

அந்தக் கண்ணீரைப் பற்றி நாம் பலமுறை மறையுரை கேட்டிருக்கிறோம். இன்று கீழே நிற்கிறவர்களைப் பார்ப்போம். சொன்ன இடத்தில் நின்று, சொன்னபடி போரிட்டு, உயிரோடு திரும்பிய அந்தப் படைவீரர்கள் என்ன ஆனார்கள்? போரில் தோற்று ஓடிவந்தவர்களைப்போல வெட்கத்தோடு, யார் கண்ணிலும் படாமல் ஊருக்குள் நுழைந்தார்கள் என்கிறது திருநூல். அவர்களுக்கு வரவேற்பு இல்லை, ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. தலைகுனிந்து ஒதுங்கிப் போனார்கள்.

இதைப் புனேயில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பல குடும்பங்களை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது இராணுவம்தான். அப்பாவோ தாத்தாவோ கட்கியில் இராணுவப் பொறியாளர் படையான சாப்பர்ஸில் இருந்தார், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், இராணுவப் பொறியியல் பணித்துறையான எம்.இ.எஸ்.ஸில் இருந்தார். நாம் அன்றாடம் பஸ்ஸில் கடந்துபோகும் தென் பிராந்தியத் தலைமையகத்தில் ஒரு காலத்தில் ஒரு பெரிய பொறுப்பு வந்து சேர்ந்தது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. அந்தப் படைக்கு ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங். அவரே புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட தென் பிராந்தியப் படையின் தளபதி. அங்கே பிறகு மூண்ட போர் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல, நம் தெருவிலிருந்து கிளம்பிப் போனது.

இலங்கையோடு நமக்கு இன்னொரு உறவும் உண்டு. நகர் சாலையில் இருக்கும் பாப்பிறை குருமடம் 1893இல் கண்டியில் தொடங்கப்பட்டு, 1955இல்தான் புனேக்கு வந்தது. நம் குருக்களை உருவாக்கிய வீடு அந்தத் தீவில் பிறந்தது. அந்த மண்ணில் விழுந்த இரத்தத்தைப் பற்றி இந்தப் பீடத்திலிருந்து பேசாமல் இருப்பது சரியாகாது.

அந்தப் படைவீரர்கள் போரிடப் போகிறோம் என்று நினைத்துப் போகவில்லை. இலங்கை இராணுவத்திடமிருந்து தமிழ் மக்களைக் காக்கவும், ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ளவும் போவதாகத்தான் அவர்களிடம் சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாநோன்பிருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்தார். அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாம் தலைகீழானது. அக்டோபரில் புலிகளுக்கு எதிராக ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியது. பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார், அவரும் சிறைப்பட்டார். எதிரே நின்றவர்களுக்கு முன்பு பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது இந்தியாவே. அவர்கள் கையில் ஏகே-47, நம் வீரர்கள் கையில் கனத்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. யார் போராளி, யார் பொதுமகன் என்று தெரியாது. எந்த மண்பாதையில் கண்ணிவெடி புதைந்திருக்கிறது என்றும் தெரியாது.

1989இல் இலங்கை அதிபர் பிரேமதாசா படையை வெளியேறச் சொன்னார். அவருடைய அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. காப்பாற்றப் போன மக்கள் வெறுத்தார்கள், அழைத்த அரசும் போகச் சொன்னது, அனுப்பிய நாட்டிலும் போரைக் கண்டித்து ஊர்வலம் நடந்தது. அப்படியும் அந்த வீரர் பதுங்குகுழியில் காவல் நின்றுகொண்டுதான் இருந்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திரும்பியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள், 3,000க்கும் மேற்பட்டோர் காயப்பட்டிருந்தார்கள். சென்னைக்கு வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். தமிழ்நாட்டில் பலருடைய மனமும் அன்று அதுவே.

சகோதர சகோதரிகளே, நம் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் சம்மதித்ததால்தான் சொல்கிறேன். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதல்ல. அவர் வீட்டு வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டே பேசியது. பெயர் வேண்டாம். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்போது அந்தப் படையில் நாயக். தமிழ் தெரியும் என்பதால் ஒவ்வொரு வீட்டுச் சோதனைக்கும் அவரைத்தான் முன்னால் விடுவார்கள். கதவைத் தட்டி, தமிழில் பேசி, உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொல்ல வேண்டியது அவர் வேலை. ஒரு வீட்டில் ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீ தமிழ்ப் பிள்ளையோ? அப்ப ஏன் ராசா இப்பிடிச் செய்யிறியள்?” என்று கேட்டாராம். பாட்டி சொன்னதை அவர் அதிகாரிக்கு இந்தியில் மொழிபெயர்க்க வேண்டும். “அந்தம்மா ஒண்ணும் சொல்லல சார்னு சொல்லிட்டேன் சாமி” என்றார்.

சென்னைக்குத் திரும்பியதும் ஊருக்கு ரயில் ஏறினார். பெட்டியில் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கழிவறைக்குள் போனார். சீருடையைக் கழற்றிப் பைக்குள் திணித்து, சட்டை போட்டு, கைலி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஊர் நிலையத்தில் இறங்கியவரைப் பெற்ற தாய்க்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு புனேயில் பணி, ஓய்வு, விஷ்ராந்தவாடியில் ஒரு சிறிய வீடு, ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தார்ச் சாலையை விட்டு மண்ணில் கால் வைக்கும் முன் அவருடைய கண் தரையைத் துழாவுகிறது. தீபாவளி இரவில் சன்னல்களைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார். பேரப்பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்தக் கூப்பிட்டால், தலைவலி என்கிறார். மனைவிக்கு மட்டும் தெரியும்.

தாவீதின் வீரர்கள் ஊருக்குள் நுழைந்த விதமும், அந்த மனிதர் ரயிலில் சீருடையைக் கழற்றிய விதமும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

வாசகத்தில் விடுபட்ட ஒரு பகுதியையும் இங்கே நினைக்க வேண்டும். 18ஆம் அதிகாரத்தில் 11 முதல் 13 வரை உள்ள வசனங்கள். அப்சலோம் மரத்தில் தொங்குவதை முதலில் கண்டவன் பெயர் தெரியாத ஒரு வீரன். ஏன் கொல்லவில்லை, வெள்ளிக்காசு தந்திருப்பேனே என்று யோவாபு கேட்கிறான். ஆயிரம் வெள்ளிக்காசு கையில் வைத்தாலும் அரசரின் மகன்மேல் கை வைக்க மாட்டேன் என்கிறான் வீரன். இளைஞனைக் காப்பாற்றுங்கள் என்று அரசர் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோமே என்கிறான். அதற்கு மேலும் ஒன்று சொல்கிறான்: நான் செய்திருந்தால், பிறகு நீரே என்னை விட்டு ஒதுங்கி நின்றிருப்பீர் என்று தளபதியின் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

போர்க்களத்தில் நின்ற எளிய மனிதனின் அறிவு அது. கட்டளை மேலிருந்து வருகிறது, கணக்குக் கேட்கும் நாளில் கீழே இருப்பவன் மட்டும் தனியாக நிற்கிறான். தாவீதின் வாழ்விலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. தன்னைக் கொல்லச் சொல்லித் தாவீது எழுதிய கடிதத்தைத் தானே சுமந்துபோன உரியாவும் ஒரு படைவீரன்தான். அரசர்கள் செய்த பாவத்தின் விலையைப் படைவீரர்கள் தங்கள் உடலால் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பெயர் தெரியாத வீரன் இன்னொன்றையும் கற்றுத்தருகிறான். சீருடைக்குள் மனச்சான்று உயிரோடு இருக்க முடியும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏடு நாட்டுக்காகப் பணியாற்றும் படைவீரர்களை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் உழைப்பவர்களாக மதிக்கிறது. அதே ஏடு, கொடுஞ்செயலைச் செய்துவிட்டுக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் உறுதியாகச் சொல்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை.

ஆகவே யாழ்ப்பாணத்துக் கண்ணீரை இங்கே மறைக்கக் கூடாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் படையினர் நுழைந்தார்கள். அன்றும் மறுநாளும் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என்று 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் கையை உயர்த்திக்கொண்டு செவிலியரோடு வெளியே வந்தபோது சுடப்பட்டார் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். நல்லூர்க் கோயிலிலும் மாதா கோயில்களிலும் பள்ளிகளிலும் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அங்கே அழுதபோது, அது தாவீது மேல்மாடியில் அழுத அழுகைதான். அந்த அழுகையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நம் பெரியவர் தீபாவளிக்குச் சன்னலைச் சாத்துவது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மருத்துவமனைக்குள் அவர் போனதில்லை. ஆனால் அந்த வாரம் அவர் அந்த ஊரில்தான் இருந்தார்.

அப்படியானால் யாருக்காக அழுவது? தமிழர்களாகிய நமக்கு இது கடினமான கேள்வி. ஈழத்து உறவுகளுக்காக அழுதால் நம் வீட்டுப் படைவீரனைக் கைவிட்டதாகுமோ என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. படைவீரனை மதித்தால் செத்தவர்களை மறந்ததாகுமோ என்று இன்னொருவருக்குத் தோன்றுகிறது. இந்தக் குழப்பத்தில் இரண்டு தரப்பையும் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டோம். போரில் இறந்த இந்திய வீரர்களின் பெயர்களைப் பொறித்து, கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் இலங்கை அரசு நினைவுச்சின்னம் எழுப்பிப் பல ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது.

தாவீது என்ன செய்தார்? யோவாபு அவரிடம் போய்க் கடுமையாகப் பேசினான். உம் உயிரைக் காத்தவர்களை இன்று வெட்கப்படுத்திவிட்டீர் என்றான். யோவாபு நல்லவன் அல்ல, அவன் கையில் அப்சலோமின் இரத்தம் இருந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அரசர் எழுந்தார். இறங்கிவந்து நகர வாயிலில் அமர்ந்தார். அரசர் வாயிலில் அமர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மக்கள் எல்லாரும் அவர் முன்னே வந்தார்கள்.

தாவீதின் துக்கம் அன்று முடிந்துவிடவில்லை. மகனை மறந்துவிட்டார் என்று திருநூல் எங்கேயும் சொல்லவில்லை. அழுத கண்ணோடுதான் வாசலுக்கு வந்தார். நாமும் அப்படி வர வேண்டும் என்பதே இன்று ஆண்டவர் நம்மிடம் கேட்பது. இறந்தவர்களுக்காக முழு மனதோடு அழ வேண்டும். திரும்பிவந்தவனுக்கு எதிரே போய் உட்காரவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுவது கிறிஸ்தவ வழி அல்ல.

வாசலில் உட்கார்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை இன்றைய நற்செய்தி காட்டுகிறது. யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு விரைந்து போகிறார், கூட்டம் நெருக்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் துன்புற்ற ஒரு பெண் பின்னாலிருந்து வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறார். பல மருத்துவரிடம் போய், கையிலிருந்ததை எல்லாம் செலவழித்தும் நிலைமை மோசமானவர். தொட்ட மாத்திரத்தில் குணமாகிவிட்டார். இயேசு அப்படியே போயிருக்கலாம். அவர் நின்றுவிட்டார். தொட்டது யார் என்று கேட்டார். சீடர்கள் பொறுமை இழந்தார்கள். யாயீர் அருகில் தவித்துக்கொண்டு நிற்கிறார். அப்படியும் இயேசு காத்திருந்தார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து, அவர் முன் விழுந்து, நடந்த உண்மையை எல்லாம் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் இயேசு அவரை மகளே என்று அழைத்து, அமைதியோடு போகச் சொன்னார்.

உடலின் இரத்தம் நின்றது ஒரு நொடியில். ஆனால் அமைதி வர, உண்மை முழுவதையும் ஒருவர் பொறுமையாகக் கேட்க வேண்டியிருந்தது. நம் ஊர் உடலைத் தேற்றுவதில் பெயர் பெற்றது. 1944 முதல் இங்கே இயங்கும் செயற்கை அவயவ மையம் கால் இழந்த வீரர்களை நடக்கவைக்கிறது. 1974 முதல் கட்கியில் இயங்கும் மறுவாழ்வு மையம், முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் வீரர்களுக்கு வீடாக இருக்கிறது. இந்தப் பணிகளுக்காக ஆண்டவரைப் போற்றுவோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசிந்துகொண்டிருக்கும் காயத்துக்கு, உட்கார்ந்து கேட்கிற ஒரு மனிதர் வேண்டும். நம் பெரியவர் அந்தப் பாட்டியைப் பற்றி என்னிடம் சொல்லி முடித்ததும், இதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். மெடலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சிறுவர்கள் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்களை வீரர் என்று கொண்டாடியவர்களுக்கும் தெரியாதது, கொலைகாரர் என்று திட்டியவர்களுக்கும் தெரியாதது உங்களுக்குள் இருக்கிறது. ஆண்டவருக்கு அது தெரியும். ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பு இருந்தால் அதைக் கடவுளிடமே சொல்லுங்கள். எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது, வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினார். நீங்கள் செய்ததோ, செய்யாமல் விட்டதோ மனதை அறுத்தால், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். உண்மையை முழுவதும் சொல்லுங்கள். இந்த வயதிலா என்று தயங்க வேண்டாம். தூக்கம் வராவிட்டால், கெட்ட கனவு வந்தால், கை நடுங்கினால், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் வழியாக மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. மருத்துவரும் ஆண்டவரின் கருவிதான்.

உங்கள் காயம் பயனற்றது என்றும் நினைக்காதீர்கள். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் நமக்குத் தெரிந்தவர். குடும்பத்தில் இழப்புமேல் இழப்பு வந்து மனம் உடைந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னவர் அவரே. தோல்வியையும் அந்நிய மண்ணையும் அனுபவித்த ஒரு படைவீரர் துன்பத்தைப் பற்றிப் பேசியபோது, கேட்டவர் மனம் திறந்தது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த நம் தேவசகாயம்தான் அந்த நீலகண்ட பிள்ளை; அவர் அப்படித்தான் விசுவாசத்துக்கு வந்தார். அடிபட்டவர் சொல்லும் ஆறுதலுக்கு ஒரு தனி வலிமை இருக்கிறது. மறுபடியும் ஆயுதத்தை நம்பத் துடிக்கும் இளைஞர்களுக்குப் போர் என்றால் என்ன என்று சொல்ல, உங்களைவிடத் தகுதியானவர் யார்?

பங்கு மக்களே, உங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு அன்பியத்திலும் முன்னாள் படைவீரர் வீடு எது, படைவீரரின் விதவை வீடு எது என்று தெரிந்து வையுங்கள். தவக்காலம் தொடங்குவதற்குள் ஒருமுறை போங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், அரசியல் பேச வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். உட்காருங்கள், கேளுங்கள். அவர் பேசாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், மறுபடி போங்கள். இத்தனை வருடம் நடுஇரவில் எழுந்து உட்கார்ந்த கணவருக்குத் துணையாக விழித்திருந்த மனைவியரிடமும் நலம் கேளுங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்னமும் வாழும் இலங்கை அகதிகளையும் மறக்க வேண்டாம். வரும் நவம்பர் 2, இறந்தோர் அனைவரின் நினைவு நாளில், யாழ்ப்பாண மருத்துவமனையில் இறந்தவர்களையும், திரும்பாத இந்திய வீரர்களையும், அந்த உள்நாட்டுப் போரில் மடிந்த தமிழ், சிங்களப் பிள்ளைகளையும் ஒரே மன்றாட்டில் வைத்து இங்கே திருப்பலி ஒப்புக்கொடுப்போம். அந்த மன்றாட்டை வாசிக்க நம் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மன்றாடுவோம். மகனை இழந்த தாவீதின் கண்ணீரை அறிந்த ஆண்டவரே, உம் ஒரே மகனை நீரும் கையளித்தீர். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எல்லாத் தாய்மாரையும் தேற்றும். கட்டளைக்கும் மனச்சான்றுக்கும் நடுவே நசுங்கிய படைவீரர்களைக் குணமாக்கும். தீங்கு செய்தவர்களுக்கு மனமாற்றம் தாரும், தீங்கு அடைந்தவர்களுக்கு நீதி தாரும். நாட்டை ஆள்பவர்கள் இனி எந்தத் தாயின் பிள்ளையையும் பொய் சொல்லிக் களத்துக்கு அனுப்பாதபடி அவர்களுக்கு ஞானம் தாரும். எங்களை எழுப்பி, திரும்பி வருகிறவர்களின் எதிரே உட்காரச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக, ஆமென்.